புளூட்டோவை ஏற்றாமல் போன வேன்

படூர்,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சாமுவேல் அவர்களுக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய மோசஸ் எழுதிக்கொண்டது.

கர்த்தர் கிருபையால் இங்கே நானும் ரெபேக்காளும் சிநேகாவும் உடம்புக்குச் சுகம். ஊரப்பாக்கத்தில் உங்கள் வீட்டில் அக்காவும் பிள்ளை ஜோயலும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறோம். தாங்கள் சுகமா என்று நான் கேட்கவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மறந்துபோய் விட்டுவிட்டு வருவது உங்கள் பள்ளிக்கூடத்துப் பழக்கம், எங்கள் வீட்டில் அது கிடையாது.

இதை வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நான் எதை எழுதினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள். போன மாதம் ரெபேக்காளுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று போட்டேன், அதற்கும் கட்டைவிரல். போனில் பேசலாம் என்றால் நான் கத்துவேன், நீங்கள் வகுப்பில் சொல்வது போல 'அமைதி, அமைதி' என்பீர்கள், அதைக் கேட்டு நான் இன்னும் கத்துவேன். அதனால்தான் தாள் எடுத்து உட்கார்ந்தேன், இன்று ராத்திரிக்குள் உங்கள் கைக்கு வரும்படி எங்கள் டெப்போ ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் டெப்போவில் ஒரு வழக்கம் உண்டு. புகார் எழுதுகிறவன் வண்டி எடுத்த இடத்திலிருந்து எழுத வேண்டும், மேலதிகாரிக்குத் தெரிந்த விஷயம்தானே என்று எதையும் விடக் கூடாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

நீங்கள் கோவளத்துப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். என் மகள் சிநேகா அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். 'நான் இருக்கிறேன், என் கண் முன்னால் இருப்பாள்' என்று சொல்லி அவளை அங்கே சேர்க்க வைத்ததும் நீங்கள்தான். உங்கள் கண் முன்னால் இருந்த லட்சணத்தைத்தான் இனி எழுதப் போகிறேன். நான் கேளம்பாக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். பிள்ளை எழுந்திருப்பதற்கு முன் போய்விட்டு அவள் தூங்கிய பிறகு வருகிறவன். அவள் என்னைப் பார்ப்பதைவிடக் கொடியில் காய்கிற என் காக்கிச் சட்டையைப் பார்ப்பதுதான் அதிகம் என்று உங்கள் தங்கை சொல்லிக் காட்டுவாள். அப்படிப்பட்டவன், கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கி, உங்கள் சூரியக் குடும்பத்துக்காக வந்து நின்றேன் மச்சான். பெற்ற குடும்பத்துக்கே லீவு கிடைக்காதவன்.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. பள்ளி மைதானத்தில் மாடி உயரத்துக்கு மஞ்சள் துணியில் ஒரு சூரியன். அங்கிருந்து கடலோரச் சாலையிலேயே தெற்கே போனால் எந்தக் கோள் எவ்வளவு தூரமோ அந்தக் கணக்குக்கு அங்கங்கே ஒரு பிள்ளையும் துணைக்குப் பெற்றவர் ஒருவரும். கோலிகுண்டு அளவுக்குப் புதன், எலுமிச்சம்பழ அளவுக்குப் பூமி, இவையெல்லாம் பள்ளித் தெருவிலேயே. பூசணிக்காய் வியாழன் திருவிடந்தையில், வளையம் மாட்டிய சனி வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு எதிரே, நீலம் அடித்த தேங்காய் நெப்டியூன் சாளுவன்குப்பத்தில். கடைசியாகப் புளூட்டோ, ஒரே ஒரு கொண்டைக்கடலை, மாமல்லபுரத்தில். அந்தக் கடலையைத்தான் சிநேகா கேட்டு வாங்கினாள். மற்றப் பிள்ளைகள் பூசணிக்காய்க்கு அடித்துக்கொண்டபோது இவள் மட்டும் 'எனக்குக் கடைசிது குடுங்க மாமா' என்றாளாம். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் புளூட்டோ பேச்சுதான். அங்கே என்ன குளிர், சூரியனை ஒரு தடவை சுற்றி வர நம் ஆயுசு மூன்று போதாது, அதன் மேல் இதய வடிவத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, எல்லாவற்றையும் நான் டூட்டி முடிந்து வந்து தட்டில் கை வைக்கும்போது ரெபேக்காள் எனக்கு ஒப்பித்தாள். பிள்ளை தூங்கப் போகும்முன் 'அப்பாகிட்ட சொல்லிடும்மா' என்று சொல்லிவிட்டுப் போவாளாம்.

வேனில் ஆள் ஏற்றி இறக்குவது எப்படி என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் என்ன செய்தேன்? கழுத்திலிருந்து என் சொந்த விசிலையே கழற்றிக் கொடுத்தேன். எவனுக்கும் சொல்லாத தொழில் நுணுக்கத்தையும் சொன்னேன்: முகத்தைப் பார்த்து எண்ணாதீர்கள், பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை கெடும். பட்டியலைக் கையில் வைத்துப் பேர் பேராகக் கூப்பிட்டு டிக் அடியுங்கள், பட்டியல் ஒத்துப்போனதும் விசிலை ஊதுங்கள், அதற்குப் பிறகு எவனுக்காகவும் நிற்காதீர்கள் என்று. இவ்வளவு உதவி செய்த மனிதனுக்கு நீங்கள் செய்த கைம்மாறு இது.

சரி, கதைக்கு வருகிறேன். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தலைமையாசிரியை அம்மா உங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "என்ன சார், புத்தகத்தில எட்டுதானே போட்டிருக்கு? நாளைக்கு ஆபீசர் வரார், நீங்க இன்னும் ஒன்பதிலேயே இருக்கீங்களே?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. புளூட்டோவைக் கணக்கிலிருந்து எடுத்தது எனக்கும் ரெபேக்காளுக்கும் கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே என்கிறார்கள். ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம் அறிவியல் வாத்தியாருக்குத் தெரியாதா என்றால், தெரியுமாம்! ஒன்பது பிள்ளைகள் பேர் கொடுத்தார்கள், வராந்தாச் சுவரில் யாரோ எந்தக் காலத்திலோ வரைந்து வைத்த ஒன்பது கோள் இருந்தது, கணக்கு ஒத்துப்போனது, அதோடு நீங்கள் விட்டுவிட்டீர்கள். அம்மா கேட்டதும் அவசர அவசரமாகச் சுவரிலிருந்த புளூட்டோவைச் சுண்ணாம்பு அடித்து அழித்தீர்களே, போய்ப் பாருங்கள். மிளகு அளவுக்கு ஒரு மூலையில் கிடந்தது, எவன் கண்ணிலும் படாமல் இருந்தது. இப்போது அந்த வெள்ளைத் திட்டு சனியைவிடப் பெரிதாக இருக்கிறது, உள்ளே நுழைகிறவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் பார்த்து 'இது என்ன கோள்?' என்று கேட்கிறார்கள்.

பாட்டு இன்னொரு கூத்து. நீங்களே மெட்டுப் போட்டு ஒன்பது வரிப் பாட்டு ஒன்று சொல்லிக்கொடுத்தீர்கள். கடைசி வரியில்தான் மெட்டு இறங்கி முடியும். அந்த வரியை எடுத்துவிட்டீர்கள், மெட்டை மாற்ற நேரமில்லை. பிள்ளைகள் நெப்டியூன் வரைக்கும் பாடிவிட்டு ஒன்பதாவது வரிக்கு வாயைத் திறந்து, சத்தம் வராமல் மூடிக்கொள்கின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தை இரண்டு நாளாக இப்படி வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து அதன் அம்மா பல் டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று ரெபேக்காளைக் கேட்டாள்.

அன்று மாலை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நான் அதிசயமாக வீட்டில் இருந்தேன். சிநேகாவை மடியில் உட்கார வைத்து விளக்கினீர்கள். கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையில் கிடக்கிற மற்றதையெல்லாம் ஒதுக்கித் தள்ளும் அளவுக்குத் தாட்டியாகவும் இருக்க வேண்டும். முதல் இரண்டும் புளூட்டோவுக்கு இருக்கிறது, மூன்றாவது இல்லை, ஆகவே அது குறுங்கோள். சிநேகா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா மச்சான் இது நியாயம்? பாதைல கெடக்கறத ஒதுக்க முடியலன்னா கணக்குல இல்லியா? அப்படிப் பாத்தா திருப்போரூர் ரோட்டுல போற என் பஸ்ஸே பஸ் கெடையாது. எதுக்க மாடு, பக்கத்துல ஷேர் ஆட்டோ, நடுவுல எவனாவது ஒருத்தன் போன் பேசிக்கினு நிப்பான். எதை ஒதுக்கறது?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு, பிள்ளை முகம் வாடியிருக்கிறது என்று நீங்களாகவே நினைத்துக்கொண்டு ஒரு சமரசம் சொன்னீர்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "சிநேகா, நீயும் வாம்மா. மாமல்லபுரத்திலேயே நில்லு. பட்டியல்ல மட்டும் உன் பேரு இருக்காது, அவ்ளோதான்." வரலாம், நிற்கலாம், கணக்கில் மட்டும் கிடையாது! எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் ஜனத்தை ஊருக்குள் இப்படித்தான் வைத்திருந்தார்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. ரெபேக்காள் முறைத்தாள், விழுங்கிவிட்டேன். இப்போது எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை வேன் கிளம்பியது. போகும்போது ஒரு குறையும் இல்லை. திருவிடந்தையில் பூசணிக்காயோடு லோகநாயகி அம்மாவும் அவர்கள் மகள் கவியாவும் இறங்கினார்கள். அது கல்யாணம் ஆகாத பிள்ளைகள் மாலையும் கழுத்துமாகக் கோயிலைச் சுற்றுகிற இடம். 'வியாழன்' என்ற போர்டைப் பார்த்ததும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள், ஒருவர் ஜாதகத்தையே நீட்டினார். லோகநாயகி அம்மா சும்மா இருப்பார்களா? 'ஆவணிக்குள்ள ஆயிடும் போங்க' என்று வாக்கே கொடுத்துவிட்டார்கள். வடநெம்மேலியில் வேறு சிக்கல். சனியாக நிற்க எந்த வீட்டிலும் பிள்ளையைத் தர மாட்டேன் என்று சொல்லி, கடைசியில் உங்கள் பி.டி. மாஸ்டர்தான் வளையத்தோடு நின்றார். அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் சாலையின் அந்தப் பக்கமாக நடந்து போனார்கள். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு வானத்தைச் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. உங்கள் மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. அது மத்தியானத்தோடு போய்விட்டது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற சாலையோரம் எங்களை இறக்கிவிட்டு, "சாப்பாட்டு நேரத்துக்கு வேன் வரும். அதுவரைக்கும் இடத்தை விட்டு அசையாதே, கோள் பாதை மாறக் கூடாது" என்று சிநேகாவிடம் சொன்னீர்கள். சொன்னது நீங்கள்தான், ஞாபகம் இருக்கிறதா? மோதிர டப்பாவில் பஞ்சு வைத்து அதன் நடுவில் கொண்டைக்கடலையை வைத்துத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் டப்பாவைப் பார்த்து 'யாருக்கும்மா நிச்சயதார்த்தம்?' என்றார்கள். நான் போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆடு வந்தது. நல்ல ஆடு, பார்த்தால் சாதுவாகத்தான் இருந்தது. மோந்து பார்த்தது, புளூட்டோவைத் தின்றுவிட்டுப் பஞ்சையும் தின்றுவிட்டுப் போய்விட்டது.

நான் சுண்டல்காரரிடம் ஓடி ஒரு பொட்டலம் வாங்கி வந்து, தேங்காயையும் மாங்காயையும் தள்ளிவிட்டு ஒரு நல்ல கடலையாக எடுத்துக் கொடுத்தேன். உங்கள் மாணவி ஏற்கவில்லை. "இது வெந்த கடலப்பா. புளூட்டோல எல்லாமே ஒறஞ்சி கெடக்கு. அங்க போயி எப்பிடி வேவும்?" என்றாள். வேகாத கடலைக்கு மாமல்லபுரத்தில் எங்கே போவேன்? கல் சிற்பக் கடை ஒன்றில் உளிச்சத்தம் கேட்டது. கீழே சில்லுகள் சிதறிக் கிடந்தன. போய் நின்றேன். "இன்னா சாமி வோணும் அண்ணாத்த?" என்றார் கடைக்காரர். "புளூட்டோ" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அது எந்த ஊரு சாமி? படம் கீதா?" என்றார். நான் விளக்க ஆரம்பித்து, சூரியனில் தொடங்கி முதலைப் பண்ணை வழியாக வந்து முடிப்பதற்குள் அவருக்குச் சலித்துப்போய், "இன்னா ஒரே பேஜாரா கீது, உனக்கு எது வோணுமோ பொறுக்கிக்கினு போ" என்று கீழே கையைக் காட்டிவிட்டார். உருண்டையாக ஒரு கருங்கல் சில்லு எடுத்து வந்தேன். சிநேகா அதைப் பார்த்து, "இது ஓக்கே. ஆடு துன்னாது" என்று டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

பிறகு நல்ல கூட்டம். பஸ்ஸில் வந்த வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகள், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, மாங்காய் விற்கிற அம்மா, எல்லாருக்கும் பிள்ளை கோவளம் பக்கம் கையைக் காட்டி, "சூரியன் அங்க கீது, இங்கேர்ந்து பாத்தா ஒரு புள்ளி மாதிரிதான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அத்தனையையும் நான் போனில் படம் பிடித்தேன், அதனால் போன் செத்துப்போனது. இதை நீங்கள் என் குற்றமாகச் சொல்லக் கூடும். வேன் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் போன் எதற்கு மச்சான்?

சாப்பாட்டு நேரம் வந்தது, வேன் வரவில்லை. ரெபேக்காள் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை வேப்பமர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் அவளுடைய முட்டையை எனக்குப் பாதி கொடுத்தாள். அப்போதும் வரவில்லை. மத்தியானம் எனக்கு டூட்டி. "வாம்மா, பஸ்ல பூடலாம், உன்னை இஸ்கூல்ல வுட்டுட்டு நான் வண்டி எடுக்கறேன்" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. "மாமா அசையாதன்னு சொல்லிக்கீறாருப்பா. வேன் வரும்" என்றாள். நானும் என்னையறியாமல், "ஆமாம்மா, பின்னாடியே வரும், காலியா வரும்" என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இதையேதான நீ டெய்லி பஸ்ல எல்லாருக்கும் சொல்வ?" என்றாள். மானம் போனது. இரண்டு மூன்று பஸ் எங்கள் கண் முன்னாலேயே போனது, ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் அதே பதில். உங்கள் ஒரு வார்த்தையை நம்பி அந்தப் பிள்ளை வெயிலில் நின்றது மச்சான்! பொழுது போக வேண்டுமே என்று தூரத்தில் வருகிற பஸ் எந்த டெப்போ வண்டி என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்காட்டினேன், அவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து கை தட்டினாள். அலையில் கால் நனைத்தோம். மாங்காய் விற்கிற அம்மா பாவம் பார்த்து ஒரு கீற்று சும்மா கொடுத்தார்கள். இப்படி அல்லாடினோம். ஒரு கட்டத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நம்மள எவனும் எண்ணவே இல்லம்மா" என்றேன். அவள் கொஞ்சம்கூட வருத்தப்படாமல், "எண்ணலன்னா இன்னாப்பா? நாம இங்கதான கீறோம்? புளூட்டோவும் அப்பிடித்தான், அது பாட்டுக்குச் சுத்திக்கினு கீது" என்றாள். பிள்ளை மனம் எவ்வளவு அடிபட்டிருந்தால் இப்படி வேதாந்தம் பேசும், யோசித்துப் பாருங்கள்.

பள்ளியில் நடந்ததை ரெபேக்காள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேன் சாளுவன்குப்பத்தோடு திரும்பிவிட்டது, ஏனென்றால் பட்டியலில் கடைசிப் பேர் நெப்டியூன். நீங்கள் பட்டியலைக் கையில் பிடித்து நெப்டியூன், யுரேனஸ், சனி என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு டிக் அடித்து, எட்டும் ஒத்துப்போனதும் என் விசிலை, என் சொந்த விசிலை, ஊதினீர்கள். ஆபீசர் வந்தார், சமோசா வந்தது, பி.டி. மாஸ்டரையும் சேர்த்து எட்டுக் கோள்களும் சூரியனுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரெபேக்காள் காலேஜ் ஆபீஸ் வேலை முடிந்து சாயங்காலம் வந்து, "அண்ணே, எங்க வூட்டுக்காரரும் பாப்பாவும் எங்க?" என்று கேட்டதற்கு, நீங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்துட்டாங்களே!" என்றீர்களாம். கூடப்பிறந்த தங்கையிடம்! தங்கச்சி மகளைப் பட்டியலில் தேடிய தாய்மாமன் இந்த மாவட்டத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். யார் மச்சான் இந்த முறையைக் கண்டுபிடித்தது? ஆளைப் பார்க்காமல் தாளைப் பார்த்து விசில் அடிக்கிற முறையை எந்த முட்டாள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்?

அதற்குப் பிறகு நீங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு அலறியடித்து வந்தீர்களாம், வந்திருப்பீர்கள். அதற்குள் பொழுது சாய்ந்தது, சிநேகாவே எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "சரிப்பா, போலாம். இன்னிக்கிப் போதும்" என்றாள். நம்பிக்கை அறுந்துபோன குரல் அது. பஸ் ஏறினோம். கண்டக்டர் யார் என்று நினைக்கிறீர்கள்? என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன். "இன்னா மோசஸ் அண்ணாத்த, டூட்டிக்கு வராம பீச்சுக்கு வந்துக்கிற?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் சிநேகா முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தான். நேற்றுக் காலை டெப்போவில் நுழைகிறேன், "புளூட்டோ வந்துட்டாரு, எண்ணிக்கினு வண்டிய எடுங்கப்பா" என்று குரல் வருகிறது. இத்தனை வருஷமாக ஒரு பயணியைக்கூட விட்டுவிட்டு வந்தேன் என்ற பேர் எனக்குக் கிடையாது. என்னையே ஒரு வண்டி விட்டுவிட்டுப் போய்விட்டது. மத்தியான டூட்டிக்கு வராததற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். என்னவென்று எழுதுவேன்? நான் கோள் இல்லை என்பதால் வேன் ஏற்றவில்லை என்றா?

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் அந்த வெள்ளைத் திட்டு மேல் புளூட்டோவைத் திரும்ப வரைய வேண்டும், முன்பு இருந்ததைவிடப் பெரிதாக. ஒன்பதாவது வரியைப் பிள்ளைகள் வாய்விட்டுப் பாட வேண்டும். அடுத்த வருஷம் பட்டியலில் முதல் பேராக சிநேகா பேர் இருக்க வேண்டும், அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். உலகத்து விஞ்ஞானிகள் என்ன முடிவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், அவர்கள் பிள்ளைகள் மாமல்லபுரத்தில் நிற்கவில்லை. இவை நடக்காவிட்டால் திங்கட்கிழமை நானே வந்து டி.சி. வாங்கி அவளை வேறு பள்ளியில் சேர்ப்பேன். உங்களால் மனம் உடைந்த பிள்ளையை உங்கள் வகுப்பிலேயே உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு ஜோயலின் பிறந்தநாளுக்கும் நாங்கள் வருவதாக இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிடவும். எண்ணாமல் விடுவது உங்களுக்குப் புதிதா என்ன?

இத்தனை எழுதினாலும் நீங்கள் மூத்தவர், மரியாதை குறையாது. தங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் வணக்கம். பிறந்தநாள் பிள்ளை ஜோயலுக்கு எங்கள் ஆசீர்வாதம். அவன் நீண்ட ஆயுசோடு, எந்த வேனும் விட்டுவிட்டுப் போகாமல், நன்றாக இருக்க வேண்டும். கர்த்தர் உங்கள் எல்லாரையும் ஒருவர் விடாமல் காப்பாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த
மோசஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் ரெபேக்காள் இதை வாங்கிப் படித்தாள். விசில் பத்தி வந்ததும் நிறுத்தி, "எந்த முட்டாள்னு எழுதிக்கிறியே, மேல இன்னா எழுதிக்கிறன்னு நீயே ஒருவாட்டி படி" என்றாள். படித்தேன். அந்த வரியைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும்.

பிறகு சிநேகா வாங்கிப் படித்தாள். மாமா சொல்லிக்கொடுத்ததுதான் சரி, புளூட்டோ கோள் இல்லை, குறுங்கோள்தான், அதைத் திரும்பக் கோளாக்கச் சொல்லி எழுதினால் சிரிப்பார்கள் என்றாள். சுவரில் அவளே வரைவாளாம், மிளகு அளவுக்கு. "மனம் உடைந்த பிள்ளை யாருப்பா?" என்றும் கேட்டாள். நீதாம்மா, வேன் வரும் வேன் வரும் என்று மாமாவை நம்பி நின்றாயே என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "வேன் வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா. மாமா லிஸ்ட்லதான் நம்ம பேரே இல்லியே. சொல்லியிருந்தா நீ டூட்டிக்குப் பூடுவியே."

நாளைக்கு மூன்று பேரும் வருகிறோம், அக்காவிடம் சொல்லவும். அடுத்த வருஷமும் புளூட்டோ எங்களுக்குத்தான், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பட்டியலில் மட்டும் எங்கள் பேரைச் சேர்க்க வேண்டாம் மச்சான்.